ஆழ்ந்த உறக்கமும் மூளையின் மந்த அலைகளும்

ஆண்டு மலருக்கு இம்முறை உடல்நலம் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தரவேண்டும் என்று நிர்வாகச் செயலாளர் கேட்டுக்கொண்டார். சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவை பற்றி மருத்துவ அன்பர்கள் ஏறக்குறைய ஒவ்வொரு மலரிலும் எழுதி வருகிறார்கள். நான் பள்ளியில் அறிவியல் போதித்தவன். ஆகவே அவர்கள் விட்டுவைத்த ஒன்றை எடுத்துக்கொண்டேன். அதுதான் தூக்கம். அதிலும் குறிப்பாக, தூக்கம் கெடும்போது ஆழ்ந்த உறக்கத்தில் மூளையில் எழும் மந்த அலைகள் என்ன ஆகின்றன என்பதை இங்கே காண்போம்.

புக்கிட் செந்தோசாவில் வாழ்கிறவர்களுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. நம்மில் பலர் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். தோட்டத்தில் எல்லாருக்கும் ஒரே கடிகாரம்தான். விடியுமுன் பெரட்டுக்கு மணி அடிக்கும். பால்மரம் சீவுகிறவர் முதல் கங்காணி வரை எழுந்தாக வேண்டும். அதற்கேற்ப இரவு ஒன்பது மணிக்கெல்லாம் லயம் முழுவதும் அடங்கிவிடும். தோட்ட நிலங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் கைமாறி, நம் பிள்ளைகள் ரவாங், செரண்டா, பத்தாங் காலி என்று வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு, ஒரே கூரையின் கீழ் மூன்று விதமான இரவுகள் உண்டாகிவிட்டன. தந்தை இரவு வேலை முடிந்து காலை எட்டு மணிக்குப் படுக்கிறார். மகள் விடியற்காலை ஐந்து மணிக்குத் தொழிற்சாலைப் பேருந்துக்கு எழுகிறாள். பேரன் நள்ளிரவு வரை கைத்தொலைபேசியில் இருக்கிறான். யாரைக் கேட்டாலும் “எனக்குப் பழகிவிட்டது” என்கிறார்கள். உடல் பழகிக்கொள்ளலாம். மூளை பழகிக்கொள்கிறதா என்பதே கேள்வி.

முதலில் அலை என்றால் என்னவென்று பார்த்துவிடுவோம். ஜெர்மனியின் யேனா நகரில் மனநல மருத்துவராக இருந்த ஹான்ஸ் பெர்கர் என்பவர் 1924ஆம் ஆண்டில் மனிதத் தலையின் மேற்புறத்திலிருந்து மூளையின் மின் அசைவுகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். 1929இல் அதை வெளியிட்டபோது பலர் நம்பவில்லை. இன்று மருத்துவமனைகளில் வலிப்பு நோயாளிகளின் தலையில் சிறு உலோக வில்லைகளை ஒட்டிப் படம் எடுக்கிறார்களே, அது அவர் கண்ட வழிதான். விழித்திருப்பவரின் மூளை வரைபடம் சிறு சிறு கோடுகளாக, நெருக்கமாக, ஒழுங்கின்றி ஓடும். ஆழ்ந்து உறங்குகிறவரின் படமோ பெரிய பெரிய அலைகளாக, மெதுவாக எழுந்து விழும். ஒரு வினாடிக்கு நான்கு அலைக்கும் குறைவு. பெரும்பாலும் வினாடிக்கு ஓர் அலைதான். உயரமோ 75 மைக்ரோவோல்ட்டும் அதற்கு மேலும். இவற்றையே மந்த அலைகள் என்று குறிப்பிடுகிறேன்.

தூங்கும் மூளையில் அலை ஏன் பெரிதாகிறது என்று மாணவர்கள் கேட்பார்கள். தைப்பூசத்தன்று பத்துமலையில் நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். இலட்சக்கணக்கானோர் ஆளுக்கொன்று பேசிக்கொண்டிருக்கும்போது தூரத்தில் நிற்பவர் காதில் விழுவது வெறும் இரைச்சல். அதே கூட்டம் ஒரே குரலில் “அரோகரா” என்று சொல்லி நிறுத்தினால் மலையே அதிர்கிறது. விழித்திருக்கும்போது மூளையின் நரம்பணுக்கள் ஆளுக்கொரு வேலையாகத் தனித்தனியே பேசுகின்றன. ஆழ்ந்த உறக்கத்தில் கோடிக்கணக்கான நரம்பணுக்கள் ஒரே சமயத்தில் ஒலித்து, பிறகு ஒரே சமயத்தில் வினாடியின் ஒரு பகுதி நேரம் முழு மௌனம் காக்கின்றன. அந்தக் கூட்டு ஒலியும் கூட்டு மௌனமும் மாறி மாறி வருவதே மந்த அலை.

சைவ சித்தாந்தம் பயின்ற அன்பர்கள் நனவு, கனவு, சுழுத்தி என்ற நிலைகளை அறிவார்கள். கருவி காட்டும் ஆழ்ந்த உறக்கமும் சுழுத்தியும் ஒன்றுதான் என்று அடித்துப் பேசும் சொற்பொழிவாளர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒன்று ஆன்மாவின் நிலை பற்றிய பேச்சு, மற்றொன்று மின்சாரத்தின் அளவு. ஆயினும் தூக்கம் என்பது ஒரே மாதிரியான இருட்டு அன்று, அதற்குள் படிகள் உண்டு என்பதில் இரண்டும் ஒத்துப்போகின்றன. ஓர் இரவில் நாம் சுமார் தொண்ணூறு நிமிடத்துக்கு ஒரு சுற்றாக நான்கைந்து சுற்று இறங்கி ஏறுகிறோம். மந்த அலைகள் மிகுந்த ஆழம் முதல் இரண்டு சுற்றிலேயே பெரும்பாலும் முடிந்துவிடும். விடியும் தறுவாயில் வருவது மேலோட்டமான உறக்கமும் கனவு மிகுந்த உறக்கமும்தான்.

இனி தூக்கம் கெடுவதைப் பார்ப்போம். சுவிட்சர்லாந்தின் சூரிக் பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் போர்பெலி என்ற அறிஞரும் அவர்தம் குழுவினரும் 1981இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். இளைஞர்களைச் சுமார் நாற்பது மணி நேரம் தொடர்ந்து விழித்திருக்கச் செய்து, பிறகு உறங்கவிட்டு அலைகளை அளந்தார்கள். இழந்த உறக்கத்தை மூளை நேரக் கணக்கில் முழுமையாகத் திருப்பிக் கேட்கவில்லை. ஆழக் கணக்கில் கேட்டது. மந்த அலைகள் வழக்கத்தைவிட உயரமாக, நெருக்கமாக எழுந்தன. எவ்வளவு நேரம் விழித்திருந்தோமோ அதற்கேற்ப உறக்கத்தின் தொடக்கத்தில் அலைகள் வலுத்திருக்கும். உறங்க உறங்க அவை தணிந்துகொண்டே போகும். அதாவது விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஒரு கடன் ஏறுகிறது. மந்த அலைதான் அதை அடைக்கும் நாணயம். 1982இல் போர்பெலி இதையே ஒரு கொள்கையாக வகுத்தார். இன்றுவரை தூக்க ஆராய்ச்சியின் அடித்தளமாக அது நிற்கிறது.

அமெரிக்காவில் சான் டியேகோ நகரத்தில் ராண்டி கார்ட்னர் என்ற பதினேழு வயது மாணவன் பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக 1963 டிசம்பர் இறுதியில் தொடங்கி 264 மணி நேரம் உறங்காமல் இருந்தான். பதினோரு நாள். அதன் பிறகு அவன் பதினோரு இரவுத் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்கவில்லை. முதல் தடவை பதினான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் தூங்கி எழுந்தான். இழந்த மேலோட்டமான தூக்கம் பெரும்பாலும் போனது போனதுதான். ஆழ்ந்த உறக்கத்தையும் கனவு உறக்கத்தையும்தான் மூளை பெரும் விகிதத்தில் வசூலித்துக்கொண்டது.

இலக்குவன் பதினான்கு ஆண்டு உறங்காமல் காவல் இருக்க, அவன் பங்கு உறக்கத்தையும் ஊர்மிளை ஏற்றுக்கொண்டு உறங்கினாள் என்று ஒரு நாட்டார் கதை உண்டு. கதாகாலட்சேபம் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். உறக்கம் என்பது தள்ளுபடி ஆகாத கடன், யாராவது அடைத்தே தீரவேண்டும் என்று அந்தக் கதையைச் சொன்னவர்கள் நினைத்திருக்கிறார்கள். நம் வீட்டில்தான் கணவருக்குப் பதிலாக மனைவி தூங்க முடிவதில்லை!

அப்படி அந்த அலை என்னதான் செய்கிறது? பகலில் நாம் பார்ப்பது, கேட்பது, கற்பது எல்லாம் நரம்பணுக்களுக்கிடையே உள்ள இணைப்புகளை வலுவாக்குகின்றன. மாலைக்குள் மூளை எழுதி நிரம்பிய கரும்பலகை போலாகிவிடுகிறது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜூலியோ தொனோனி, கியாரா சிரெல்லி ஆகிய இருவரும் 2003இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். மந்த அலைகள் அந்த இணைப்புகளைச் சற்றே தளர்த்தி, மறுநாள் எழுத இடம் செய்கின்றன என்பதே அது. முழுவதும் அழிப்பது அன்று. தடிப்பாக எழுதியவை நிற்க, கிறுக்கல்கள் மங்கும். 2017இல் அவர்கள் சுண்டெலிகளின் மூளையை மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, உறங்கிய எலிகளின் இணைப்புகள் விழித்திருந்தவற்றைவிடச் சராசரி 18 விழுக்காடு சிறுத்திருந்தன.

எனக்கு இவற்றில் மிகவும் பிடித்த சோதனை 2004இல் அதே இடத்தில் ரெட்டோ ஹூபர் செய்தது. கணினித் திரையைப் பார்த்துக் கையை நகர்த்தும் ஒரு புதிய பயிற்சியை மாலையில் கொடுத்தார். அன்றிரவு மூளை முழுவதும் அல்ல, அந்தப் பயிற்சிக்கு உழைத்த ஒரு சிறு பகுதியில் மட்டும் மந்த அலைகள் கூடுதலாக எழுந்தன. யாருக்கு அதிகமாக எழுந்தனவோ, அவர்களே மறுநாள் காலை அப்பயிற்சியில் அதிகம் முன்னேறியிருந்தார்கள். 2006இல் அதற்கு நேர்மாறாக, ஒருவரின் கையைப் பகல் முழுவதும் அசையாமல் கட்டி வைத்தபோது, அந்தக் கைக்குரிய மூளைப் பகுதியில் அன்றிரவு அலைகள் குறைந்தன. உழைத்த இடத்துக்கு உழைத்த அளவுக்கு ஓய்வு. தேர்வுக்கு முதல் நாள் இரவு முழுவதும் கண்விழித்துப் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். படித்ததைப் பதியவைக்கும் வேலையைத்தான் அந்தப் பிள்ளை தள்ளிவைக்கிறான்.

ஆழ்ந்த உறக்கத்தில் மூளையைச் சூழ்ந்த நீர் அலையலையாக உட்புகுந்து வெளியேறுவதை 2019இல் போஸ்டன் பல்கலைக்கழகத்தார் படமெடுத்துக் காட்டியிருக்கிறார்கள். மந்த அலை ஒன்று எழும், அதைத் தொடர்ந்து நீர் பாயும். இது மூளையின் கழிவைக் கழுவுகிறதா, எவ்வளவு கழுவுகிறது என்பதில் விஞ்ஞானிகளிடையே இன்னும் வாதம் நடக்கிறது. முடிவு தெரியும் வரை மூளைக் கழிவு நீக்கும் பானம் என்று யாராவது விற்க வந்தால் வாங்கவேண்டாம்.

சர்க்கரை நோய்க்கும் இந்த அலைகளுக்கும் உள்ள தொடர்பு நம் சமூகத்தார் கட்டாயம் அறியவேண்டிய ஒன்று. 2008இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் எஸ்ரா தசாலி என்ற மருத்துவரும் அவர்தம் குழுவினரும் ஒன்பது திடகாத்திரமான இளைஞர், இளம்பெண்களை மூன்று இரவுகள் உறங்கவைத்தார்கள். மந்த அலை தலைகாட்டும் போதெல்லாம் அருகிலுள்ள ஒலிபெருக்கியில் ஓர் ஒலியை எழுப்பினார்கள். உறங்குகிறவர் விழித்துக்கொள்ளாத அளவு, ஆனால் ஆழத்திலிருந்து மேலே வந்துவிடும் அளவு. மொத்தத் தூக்க நேரம் குறையவே இல்லை. காலையில் எழுந்தவர்கள் இரவெல்லாம் தூங்கியவர்கள்தாம். ஆனால் மூன்றே இரவில் இன்சுலினுக்கு அவர்கள் உடல் இணங்கும் திறன் சுமார் 25 விழுக்காடு குறைந்துவிட்டது. நம் நாட்டில் 2019இல் நடந்த தேசிய உடல்நல ஆய்வின்படி 18 வயதுக்கு மேற்பட்டோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. அதில் இந்தியர்களின் நிலை மற்றவர்களைவிட மோசம் என்பது நம் ஒவ்வொரு வீட்டு மருந்துப் பெட்டியும் சொல்லும் செய்தி. சோற்றையும் தே தாரேக்கையும் குறை சொல்லும் நாம், எட்டு மணி நேரம் படுக்கையில் இருந்தும் ஆழத்துக்கு இறங்காத உறக்கத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

படுக்கையில் இருப்பது வேறு, உறங்குவது வேறு, ஆழ்ந்து உறங்குவது வேறு. இதை நம் மக்களிடையே அளந்து காட்டிய ஆய்வு ஒன்று தமிழ்நாட்டில், சென்னையில் நடந்தது. பெட்ரோ பெசோன், கௌதம் ராவ், ஃபிராங்க் ஷில்பாக், ஹெதர் ஸ்கோஃபீல்ட், மேட்டி டோமா என்ற ஐந்து பொருளியல் ஆய்வாளர்கள் அதை 2021இல் வெளியிட்டார்கள். குறைந்த வருமானமுள்ள 452 பேருக்குக் கணினியில் விவரங்களைப் பதிவு செய்யும் வேலையை ஏறத்தாழ ஒரு மாதம் கொடுத்து, கையில் கடிகாரம் போன்ற அளவுகருவியைக் கட்டிவிட்டார்கள். அவர்கள் இரவில் சராசரி எட்டு மணி நேரம் படுக்கையில் கழித்தார்கள். உறங்கியதோ ஐந்தரை மணி நேரம். ஓர் இரவில் முப்பது தடவை அளவில் உறக்கம் கலைந்தது. சென்னையின் வெயில், கொசு, வாகன இரைச்சல், ஒரே அறையில் நான்கைந்து பேர் என்று காரணங்களைச் சொல்லவேண்டியதில்லை. லயத்து வீட்டில் வளர்ந்தவர்களுக்குப் புரியும்.

ஆய்வாளர்கள் சிலருக்குக் கட்டில், மெத்தை, தலையணை, காது அடைப்பான், கண்மறைப்பு, தேவையானவர்களுக்கு மின்விசிறி எல்லாம் வாங்கிக் கொடுத்து, உறங்கும் வழிமுறைகளையும் சொல்லிக் கொடுத்தார்கள். இரவுத் தூக்கம் 27 நிமிடம் கூடியது. நல்லதுதானே? அதனால் வேலைத்திறன் கூடும், மனம் தெளியும் என்று துறை நிபுணர்களே எதிர்பார்த்தார்கள். ஒன்றும் கூடவில்லை. வேலைத்திறன், அறிவுக் கூர்மை, மனநிலை எதிலும் சொல்லிக்கொள்ளும் மாற்றம் இல்லை.

வேறு சிலருக்கு அலுவலகத்திலேயே பகல் உணவுக்குப் பின் அரை மணி நேரம் படுக்க அமைதியான இடம் கொடுத்தார்கள். அவர்களுக்கு வேலைத்திறன் ஓரளவு உயர்ந்தது; கவனம் கூர்மையானது; மனநிலையும் தெளிந்தது. உறங்கிய அரை மணியில் வேலை செய்திருந்தால் கிடைத்திருக்கும் கூலியை ஈடுகட்டும் அளவுக்கு அது உயரவில்லை என்பதையும் சொல்லவேண்டும். முதலாளிமார்களும் இந்த மலரைப் படிக்கிறார்கள் அல்லவா?

கையில் கட்டும் கருவி அசைவைத்தான் அளக்கும். மூளை அலையை அது அறியாது. ஆகவே சென்னை அன்பர்களின் மந்த அலைகள் எப்படி இருந்தன என்பதை அந்த ஆய்வு அளக்கவில்லை. ஆனால் சிகாகோ சோதனையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்று புலப்படுகிறது. முப்பது துண்டாகக் கிழிந்த துணியோடு இன்னொரு சாண் கிழிந்த துணியைச் சேர்த்தால் வேட்டி ஆகாது. கூடுதல் 27 நிமிடமும் அதே இரைச்சலில், அதே புழுக்கத்தில் கழிந்த நிமிடம். இடையூறின்றிக் கிடைத்த பகல் அரைமணியோ முழுத் துண்டு. ஆய்வாளர்களும் உறக்கத்தின் தரத்தையே காரணமாக ஐயுறுகிறார்கள்.

பகல் தூக்கத்துக்கு ஓர் எச்சரிக்கை. அரை மணிக்கு மேல் போனால் மூளை ஆழத்தில் இறங்கிவிடும். அங்கிருந்து எழுப்பினால் சிறிது நேரம் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாத மந்தம் இருக்கும். மாலை ஆறு, ஏழு மணிக்குத் தொலைக்காட்சி முன் கண்ணயர்வது இன்னும் கெடுதல். பகலெல்லாம் சேர்ந்த கடனை அப்போதே கொஞ்சம் அடைத்துவிடுவதால், இரவில் மந்த அலைகள் வலுவாக எழுவதில்லை. பிறகு பதினொரு மணிக்குத் தூக்கம் வரவில்லை என்று மாத்திரை தேடுகிறோம். பழைய வகைத் தூக்க மாத்திரைகள் பல, தூக்கத்தைக் கொடுத்து மந்த அலையைக் குறைப்பவை. மருத்துவரைக் கேளாமல் தொடங்கவும் கூடாது, திடீரென்று நிறுத்தவும் கூடாது. மது அருந்தினால் நன்றாகத் தூக்கம் வருகிறது என்பவருக்கும் முன்னிரவு மட்டுமே ஆழ்ந்திருக்கும்; பின்னிரவு சிதறிவிடும்.

“பழகிவிட்டது” என்பதற்கு வருகிறேன். 2003இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நாற்பத்தெட்டுப் பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. தினம் ஆறு மணி நேரம் மட்டும் உறங்கவிடப்பட்டவர்கள் பதினான்கு நாளில், ஓர் இரவு முதல் இரண்டு இரவு வரை சுத்தமாகத் தூங்காதவருக்குச் சமமாகக் கவனம் தவறினார்கள். அதைவிடக் கவலை தருவது, சில நாட்களுக்குப் பின் தாங்கள் தூக்கக் கலக்கத்தில் இருப்பதையே அவர்கள் பெரிதாக உணரவில்லை. இதில் ஒரு நுட்பம் உண்டு. அவர்களுடைய மந்த அலைகள் பெரும்பாலும் அப்படியே இருந்தன. ஆறு மணி நேரம் கொடுத்தாலும் மூளை முதலில் ஆழ்ந்த உறக்கத்தை எடுத்துக்கொள்கிறது. வெட்டு விழுவது பின்னால் வரும் கனவு உறக்கத்திலும் மேலோட்டமான உறக்கத்திலும்தான். மந்த அலையே எல்லாக் கடனையும் அடைத்துவிடும் என்று நினைத்தால் இந்தச் சோதனை அதை மறுக்கிறது. ஆழமும் வேண்டும், நேரமும் வேண்டும்.

இரவு வேலை பார்ப்போருக்கு இதனால் ஒரு வழியும் தெரிகிறது. காலையில் வீடு திரும்பிப் படுக்கும்போது கடன் ஏறியிருப்பதால் பட்டப்பகலிலும் முதல் மூன்று மணி நேரம் மந்த அலைகள் நன்றாகவே எழும். அதன்பிறகுதான் வெளிச்சமும் உடலின் கடிகாரமும் எழுப்பத் தொடங்கும். ஆகவே அந்த முதல் மூன்று மணி நேரத்தை வீட்டார் காத்துக் கொடுக்கவேண்டும். ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டு வருவதை நாம் நிறுத்த முடியாது. வீட்டுத் தொலைக்காட்சியைக் குறைக்கலாம், சன்னலுக்குத் தடித்த துணி போடலாம், “அப்பா, வாசலில் ஆள் வந்திருக்கிறார்” என்று எழுப்பாமல் இருக்கலாம்.

குறட்டை விடுகிறவர் நன்றாகத் தூங்குகிறார் என்ற எண்ணத்தையும் விட்டுவிடவேண்டும். பலத்த குறட்டைக்கிடையே மூச்சு நின்று, பிறகு திணறி இழுத்தால், ஒவ்வொரு திணறலிலும் மூளை ஆழத்திலிருந்து மேலே வருகிறது. சிகாகோவில் ஒலிபெருக்கி செய்த வேலையை இவருக்குத் தொண்டையே செய்கிறது. இரவெல்லாம் தூங்கியும் பகலில் வண்டி ஓட்டும்போது கண் செருகுகிறது என்றால் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடமோ நெஞ்சக மருத்துவரிடமோ சொல்லுங்கள். பெரிய மருத்துவமனைகளில் இதற்கென இரவு முழுவதும் அளக்கும் சோதனை உண்டு. பக்கத்தில் படுப்பவர்தான் முதல் சாட்சி. அம்மையார்கள் சாட்சி சொல்லத் தயங்கக்கூடாது.

என் வயதினருக்கும் ஒரு சொல். வயது ஏற ஏற மந்த அலைகள் குன்றுகின்றன. 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், 25 வயதுக்கு உட்பட்ட ஆடவர் உறக்கத்தில் 18.9 விழுக்காடாக இருந்த ஆழ்ந்த உறக்கம், 36 முதல் 50 வயதுக்குள்ளேயே 3.4 விழுக்காடாகச் சுருங்கியிருந்தது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் கழகத்தில் பிந்து குட்டி முதலானோர் 2006இல் வெளியிட்ட ஆய்வு இங்கே ஆறுதல் தருகிறது. சுதர்சனக் கிரியை, விபாசனா தியானம் ஆகியவற்றைத் தொடர்ந்து பழகிய நடுவயதினரிடம் இந்த வீழ்ச்சி அவ்வளவாகக் காணப்படவில்லை. பழகாத அதே வயதினரிடம் காணப்பட்டது. தியானம் செய்கிறவர்கள் பொதுவாக மது, புகை தவிர்த்து, நேரத்தோடு படுப்பவர்களாகவும் இருக்கலாம் அல்லவா? எனவே தியானத்துக்கே முழுப் பெருமையும் உரியது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நம் ஆலயத்தில் சனிக்கிழமை தியான வகுப்புக்கு வர இது ஒரு நல்ல காரணம்.

இறுதியாக, ஆலயத்தைப் பற்றியே இரண்டு செய்திகள். முதலாவது நம் ஒலிபெருக்கி. விடியற்காலைப் பக்திப் பாடல் நம் பண்பாடு என்பதை நான் மறுக்கவில்லை. தோட்டத்தில் எல்லாரும் எழும் நேரத்தில் அது பாடியது. யாருடைய உறக்கத்தையும் அது கெடுக்கவில்லை. இன்று அதே பாடல் சுற்றியுள்ள வீடுகளில் அப்போதுதான் கண்ணயர்ந்த தொழிலாளியின் காதிலும் விழுகிறது. அவர் எழுந்து வந்து சண்டை போடமாட்டார். பக்தர்; விழித்துக்கூட இருக்கமாட்டார். ஆனால் விழிக்காமலேயே மந்த அலை கலைந்துவிடும் என்பதைத்தான் சிகாகோவில் கண்டார்கள். வீடுகளை நோக்கிய ஒலிபெருக்கியை உட்பிரகாரத்தை நோக்கித் திருப்பவேண்டும் என்பது என் கருத்து. சில நன்கொடையாளர்களுக்கு இது வருத்தம் தரலாம் என்றும் தெரியும். ஒலிபெருக்கியை எடுக்கச் சொல்லவில்லை, திருப்பச் சொல்கிறேன்.

இரண்டாவது மகா சிவராத்திரி. நான்கு கால பூஜையும் கண்டு, முதல் நாள் காலை ஆறு மணிக்கு எழுந்தவர் மறுநாள் ஆறு மணிக்கு வண்டியை எடுக்கிறார். 1997இல் ஆஸ்திரேலியாவில் டாசன், ரீட் ஆகியோர் அளந்தபடி, இருபத்து நான்கு மணி நேரம் விழித்திருப்பவரின் கைத்திறன் தடுமாற்றம், இரத்தத்தில் 0.10 விழுக்காடு மது உள்ளவரின் தடுமாற்றத்துக்குச் சமம். 2020இல் திருத்தப்பட்ட நம் நாட்டுச் சட்டம் வாகனமோட்டிக்கு அனுமதிப்பது அதில் பாதி. ஒரு சொட்டு மதுவும் தொடாத சிவபக்தர், சட்டம் பிடிக்கும் அளவைப் போல் இரு மடங்கு நிலையில் புக்கிட் பெருந்தோங் டோலைத் தாண்டி வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஏறுகிறார். கடன் மிகுந்த மூளை படுக்கைக்குப் போகும் வரை பொறுப்பதில்லை. கண் திறந்திருக்கும்போதே நரம்பணுக் கூட்டங்கள் அங்கங்கே மந்த அலை போல நொடிப்பொழுது மௌனமாகின்றன. 2011இல் எலிகளிலும், 2017இல் மனிதரிலும் இதை நேரடியாகப் பதிவு செய்திருக்கிறார்கள். சன்னலைத் திறந்து வைப்பதும், வானொலியைச் சத்தமாக வைப்பதும், முகம் கழுவுவதும் அந்தக் கடனில் ஒரு காசைக்கூட அடைக்காது. உறக்கம் ஒன்றே அடைக்கும்.

ஆகவே வரும் சிவராத்திரிக்கு நிர்வாகக் கூட்டத்தில் ஒன்றை முன்மொழிந்திருக்கிறேன். நான்காம் காலப் பூஜை முடிந்ததும் பிரசாதம் வழங்கி, மண்டபத்தின் ஒரு பாதியில் ஆண்களுக்கும் மறு பாதியில் பெண்களுக்கும் பாய் விரித்து, காலை பதினோரு மணி வரை விளக்கை அணைத்து வைக்கவேண்டும். அதுவரை மண்டபத்தில் ஒலிபெருக்கி வேண்டாம். தூரத்திலிருந்து வரும் அன்பர்கள் உறங்கி எழுந்து பசியாறிவிட்டுப் புறப்படலாம். மண்டபமும் மின்விசிறிகளும் இருக்கின்றன. நாற்பது பாயும் நாற்பது தலையணையும்தான் தேவை. கொடுக்க விரும்புவோர் அலுவலகத்தில் பெயர் பதிந்துகொள்ளலாம்.